சுருக்கர் அமைதியாக்கிய ஊர்

சுருக்கரின் பேத்தி காணாமல் போன அன்று மத்தியானம் ஊரில் ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதுப் பிள்ளை, காலில் செருப்பில்லாமல், கதவைத் திறந்துகொண்டு தெருவில் இறங்கிப் போயிருக்கிறது. தெரு நெடுக நாய்கள் படுத்திருக்கின்றன. ஒன்றாவது தலையைத் தூக்கி இரண்டு குரல் கொடுத்திருந்தால் யாராவது ஜன்னலைத் திறந்து என்ன ஏது என்று பார்த்திருப்பார்கள். ஏன் குரல் கொடுக்கவில்லை என்று அந்த ஊரில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான் தெரியும், அந்த வீட்டுக்கும் அந்த வாரம்தான் தெரிந்தது.

சுருக்கர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. நகராட்சியில் அவருக்கு நாய் பிடிக்கிற வேலை. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கம்பு, அதன் முனையில் கம்பிச் சுருக்கு. கழுத்தில் விழுந்ததும் இழுத்தால் நாய் வண்டிக் கூண்டுக்குள் போய்விடும். மாமனார் சிபாரிசில் வந்த வேலை அது. "ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு பாருங்க மாப்பிள்ளை, அப்புறம் ஆபீஸ்ல உட்கார வெச்சுடலாம்" என்று சொன்ன மாமனார் போய்ச் சேர்ந்தே பல காலம் ஆகிறது. மாப்பிள்ளைக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம், ஆபீஸ் நாற்காலி கிடைத்தபாடில்லை.

நல்ல மனுஷன்தான். குரல் மட்டும் இடிக்குரல். கடையில் நின்று தீப்பெட்டி கேட்டால் பக்கத்துத் தெருவுக்குத் தெரியும். "மெதுவாப் பேசினா வாய் சுளுக்கிக்குமா?" என்று மனைவி கேட்காத நாளில்லை. வேலை முடிந்து வந்தால் பின்கட்டுக் குழாயில் கை கால் கழுவி, சட்டையை அங்கேயே கழற்றிப் போட்ட பிறகுதான் உள்ளே விடுவாள். இடது கெண்டைக்காலில் ஒரு தழும்பு இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கறுப்பு நாய் கொடுத்த பரிசு.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். நகராட்சிக்குப் புகார் வரும்: நாய்த் தொல்லை, ராத்திரி தூங்க முடியவில்லை, உடனே நடவடிக்கை எடுக்கவும். போய்ப் பார்த்தால் தெருவில் பத்து நாய் நிற்கும். எந்த நாய் என்று கேட்டால், "கத்துற நாய்தான் சார்" என்பார்கள். பத்தில் கத்துவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சுருக்கர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கம்பைத் திருப்பி வண்டியின் தகரத்தில் டங் டங் டங் என்று தட்டுவார். எது குரைக்கிறதோ அதுதான் குற்றவாளி. அதைப் பிடித்து வண்டியில் ஏற்றுவார். சும்மா இருக்கிற நாயைத் தொடமாட்டார். "வாயை மூடிக்கிட்டு இருக்கிறவனை நாம எதுக்குத் தொடணும்?" என்பார். அதை அவர் நியாயம் என்றே நினைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களும் அவரைப் பார்த்துத் தட்டக் கற்றுக்கொண்டார்கள். பிடித்த நாய்கள் ஊருக்கு வெளியே ஒரு கொட்டடிக்குப் போகும். போனது திரும்பியதில்லை. அதற்கு மேல் அவர் கேட்டதில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

இப்படியே காலம் ஓடியது. புகார் குறைந்தது. ஊர் அமைதியானது என்று ஒரு கூட்டம் போட்டு அவருக்குச் சுவர்க்கடிகாரம் ஒன்றும் கொடுத்தார்கள். அது முதல் மாதமே நின்றுபோனது வேறு விஷயம்.

அப்புறம்தான் அந்தப் புகார் வந்தது. மூடிக் கிடக்கும் சோப்புக் கம்பெனியின் வாட்ச்மேன் கொடுத்தது. அப்படி ஒரு புகாரை நகராட்சி அதுவரை கண்டதில்லை.

"நாய்ங்க நிறைய இருக்குண்ணே. ஆனா ஒண்ணுகூட குரைக்க மாட்டேங்குது" என்றான்.

"சந்தோஷப்படுவியா, அதை விட்டுட்டு புகார் கொடுக்கிறியே! உனக்கு மூளை கீளை இருக்கா?"

"நீங்க ஒரு நாள் இங்க இருந்து பாருங்க. திரும்பினா பின்னாடி நிக்குது. எப்போ வந்துச்சு, எவ்வளவு நேரமா நிக்குது, ஒண்ணும் தெரியாது. பேய்னாகூட ஒரு சலங்கைச் சத்தம் கேட்கும்ணே."

சுருக்கர் சிரித்துக்கொண்டே போனார். சாயங்கால வெளிச்சத்தில் கம்பெனிச் சுவர் மேல் நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவர் தகரத்தில் தட்டினார். காதுகள் நிமிர்ந்தன, சத்தம் இல்லை. இன்னும் பலமாகத் தட்டினார். எல்லாம் கம்பையே பார்த்தன. ஒரு செவலை நாய் வாயைத் திறந்தது, அதன் தொண்டை ஏறி இறங்கியது, வெறும் காற்றுதான் வந்தது. பிறகு ஒவ்வொன்றாக மறுபக்கம் குதித்து மறைந்தன. குதித்த சத்தமும் கேட்கவில்லை. கூண்டு காலியாகவே வண்டி திரும்பியது.

வீட்டில் மகள் பாடம் தயார் செய்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். மருமகன் கப்பல் வேலையில் இருப்பதால் அவளும் குழந்தையும் இங்கேதான். குழந்தையை எல்லோரும் வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பொருத்தமான பெயர்.

"அப்பா, நாளைக்குப் பரிணாமம் எடுக்கணும். உங்களுக்குப் புரிஞ்சா என் வகுப்புல கடைசி பெஞ்சுக்கும் புரிஞ்சுடும். கொஞ்சம் உட்காருங்க."

"நக்கலு! குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னு சொல்லப்போறே. அதானே?"

"அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. குரங்கும் நாமளும் ரொம்ப தூரத்துப் பங்காளிங்க, அவ்வளவுதான். ஆமா, ஏன் முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

அவர் சுவர் மேல் பார்த்ததைச் சொன்னார். "நாய்ங்க கத்துக்கிச்சும்மா. குரைச்சா பிடிப்பான்னு தெரிஞ்சுக்கிட்டு வாயை மூடிக்கிச்சு."

"ஒண்ணு ரெண்டு கத்துக்கிட்டிருக்கலாம். நான் சொல்றது அதில்லைப்பா. எந்த நாயும் மாறவே வேண்டாம். ஒரு நாய்கூட மாறாமலே நாய்க்கூட்டம் மாறிடும்."

"காதுல பூ சுத்தாதே."

மகள் பேனாவை மூடி வைத்தாள். "ஒரே வயித்துல பொறந்த குட்டிங்கள்ல ஒண்ணு தொட்டதுக்கெல்லாம் குரைக்கும், ஒண்ணு கம்முனு கிடக்கும். பொறப்புலயே அப்படி. சரியா?"

"சரி."

"குரைக்கிறதோட குட்டிங்க பெரும்பாலும் குரைக்கும். கம்முனு கிடக்கிறதோட குட்டிங்க பெரும்பாலும் கம்முனு கிடக்கும்."

"ரத்தத்துல வர்றது."

"அதேதான். இப்போ நீங்க வந்து தட்டுறீங்க. எது வண்டியில ஏறுது?"

மேசையில் தட்டிக்கொண்டிருந்த விரலை அவர் நிறுத்தினார்.

"ஏறினதுக்கு இனிமே குட்டி கிடையாது. தெருவுல மிஞ்சினதுக்குத்தான் குட்டி. அடுத்த வருஷம் தெருவுல யார் பிள்ளைங்க ஓடும்? அதுலயும் குரைக்கிறதைப் பொறுக்கி எடுத்துட்டீங்க. அதுக்கு அடுத்த வருஷம்? நாய்க்குத் தலைமுறைன்னா ஒண்ணு ரெண்டு வருஷம்தான்பா. நீங்க எத்தனை வருஷமா தட்டுறீங்க? யாரும் திட்டம் போடலை. நாயும் போடலை, நீங்களும் போடலை. எது மிஞ்சுதோ அது பெருகுது. அது கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்து, ஒரு நாள் பார்த்தா கூட்டமே வேற மாதிரி நிக்கும். அவ்வளவுதான் பரிணாமம்."

"அப்போ அந்த நாய்ங்களை..."

"நீங்கதான் வளர்த்திருக்கீங்க. பிடிச்சதை வெச்சு இல்லை, விட்டதை வெச்சு."

அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "வீட்டுல ஒரு பூச்செடி வளர்க்கத் துப்பில்லை, ஊர் நாயை வளர்த்தாராமா!"

மேசைக்கு அடியில் பொம்மையோடு உட்கார்ந்திருந்த வாண்டு தலையை நீட்டியது. "கத்தாம இருந்தா பிடிக்க மாட்டீங்களா தாத்தா?"

"மாட்டேன்டா கண்ணு" என்றார். கேள்வி எங்கே போய் நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையில் வேலைக்கு நடக்கும்போது அவருக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. வாசல்படிகளில், நிறுத்தி வைத்த வண்டிகளுக்கு அடியில், குப்பைத் தொட்டி ஓரத்தில் நாய்கள் இருந்தன. எப்போதும் இருந்தவைதான். இத்தனை வருடம் அவர் நாயைக் காதால்தான் பார்த்திருக்கிறார், சத்தம் போடாததெல்லாம் கண்ணில் படவே இல்லை. இப்போது ஒவ்வொன்றும் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது. பின்னால் சிமெண்டுத் தரையில் நகம் படுகிற ஓசை கேட்டது. நின்றார், அதுவும் நின்றது. எல்லாம் அவர் விட்டு வைத்த நாய்களின் பேரன் பேத்திகள். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். 

அந்தச் சனிக்கிழமைதான் வாண்டு காணாமல் போனது. மகளுக்குப் பள்ளியில் சிறப்பு வகுப்பு. மனைவி சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணசந்திருக்கிறாள். எழுந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, பிஸ்கட் டப்பா காலி, பிள்ளை இல்லை. சுருக்கருக்குப் போன் வந்தபோது அவள் அழுத அழுகையில் வார்த்தையே புரியவில்லை. "காணோம்" என்பது மட்டும் புரிந்தது. அவருக்குக் கை ஓடவில்லை கால் ஓடவில்லை. நாய் வண்டி ஓட்டுகிற தம்பி அவரை இழுத்து முன்சீட்டில் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்தான்.

தெருவே திரண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டிகளைத் திறந்து பார்த்தார்கள், மாடிப்படிகளுக்கு அடியில் பார்த்தார்கள், மெயின் ரோடு வரை ஓடிப் பார்த்தார்கள். "வாண்டு! வாண்டும்மா!" என்று ஆளுக்கு ஒரு பக்கம் கத்தினார்கள். "பாழாப்போன நாய்ங்க, ஒண்ணாவது குரைச்சிருக்கக் கூடாதா!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவள் அவரைக் குத்திக் காட்டவில்லை, வாயில் வந்ததைச் சொன்னாள். அவருக்குத்தான் அது சுருக்கென்று தைத்தது.

அப்போதுதான் கவனித்தார். தெருவில் ஒரு நாய் இல்லை. வண்டிகளுக்கு அடியில் இல்லை, குப்பைத் தொட்டியில் இல்லை.

"நாயெல்லாம் எங்கே?"

எதிர்வீட்டுத் தையல்காரம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நான் மிஷின்ல இருந்தேண்ணே. நிமிர்ந்தப்போ ஜன்னல் வழியா நாய்ங்க வரிசையாப் போச்சு. ஒண்ணு பின்னாடி ஒண்ணு. முன்னாடி யார் போனாங்கன்னு நான் பார்க்கலை. ஒரு சத்தமும் இல்லையா, அதனால ஒண்ணும் நினைக்கலைண்ணே."

"எந்தப் பக்கம்?"

அவள் சோப்புக் கம்பெனிப் பக்கம் கை காட்டினாள். மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனிக் கதவின் கம்பிகளுக்கு நடுவே ஒரு குழந்தை நுழைகிற இடைவெளி இருந்தது. வண்டியையும் தெரு ஜனத்தையும் வாசலில் நிறுத்திவிட்டு, வாட்ச்மேன் பூட்டைத் திறந்ததும் சுருக்கர் தனியாக உள்ளே போனார். கம்பை எடுக்கக்கூடத் தோன்றவில்லை. பெரிய கொட்டகை. சோப்புக் காய்ச்சுகிற இரும்புத் தொட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு அறை அளவு. தரை முழுக்க வெள்ளைத் தூள் படிந்து கிடந்தது. அந்தத் தூளில் சின்னச் சின்னக் கால்தடங்கள், ஐந்து விரலும் தெளிவாக. அவற்றின் மேலும் பக்கத்திலும் நாய்க்கால் தடங்கள், எண்ணி மாளாது.

"வாண்டு!"

அந்த இடிக்குரல் கூரையில் மோதித் திரும்பி வந்தது. பதில் இல்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார், இல்லை. தலையைத் தூக்கினால் தொட்டிகளின் விளிம்பில் நாய்கள். பின்னால் திரும்பினால் வந்த வழியிலும் நாய்கள். உறுமவில்லை, பல்லைக் காட்டவில்லை. உறுமினால் அது எச்சரிக்கை, தள்ளிப் போ என்று அர்த்தம். எச்சரிக்கிற நாயையெல்லாம் அவர்தான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாரே! இவை என்ன நினைக்கின்றன, என்ன செய்யப் போகின்றன, பிள்ளையை ஏற்கனவே என்ன செய்தன, ஒன்றும் தெரியவில்லை. நானே வளர்த்தேன், நானே வளர்த்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது. எந்தத் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பது என்று தெரியாமல், பார்க்கவும் தைரியம் இல்லாமல் நின்றார்.

"வள்!"

ஒரே ஒரு குரைப்பு, பிஞ்சுக் குரலில். பாதியிலேயே அமுங்கிப்போனது.

கடைசித் தொட்டிக்குப் பின்னால் இருந்து வந்தது. சுருக்கர் ஓடினார். நாய்கள் வழி விட்டன. அங்கே பழைய அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், சுற்றிலும் பிஸ்கட் தூள் சிதறிக் கிடக்க, வாண்டு குந்தியிருந்தது. மடியில் ஒரு வெள்ளைக் குட்டி. அதன் வாயைத் தன் இரண்டு கையாலும் இறுக்கிப் பொத்திப் பிடித்திருந்தது. பக்கத்தில் செவலைத் தாய் நாய், பிள்ளையின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, அந்தக் கைகளைப் பார்த்தபடி படுத்திருந்தது.

"ஷ்ஷ்... கத்தாதே. தாத்தா வண்டி வந்திருக்கு" என்று வாண்டு குட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தது.

போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு. "ஏன்டா தங்கம், தொண்டை கிழியக் கூப்பிடுறேனே, ஒரு பதில் சொல்லக் கூடாதா?"

வாண்டு நிமிர்ந்து பார்த்தது. கண்ணில் அவர் அதுவரை பார்க்காத ஒரு பயம் இருந்தது. அவரைப் பார்த்துத்தான் அந்தப் பயம். ரகசியக் குரலில் சொன்னது: "கத்தினா பிடிச்சுடுவீங்கல்ல?"

சுருக்கர் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார். வெளியே நின்றவர்களுக்கெல்லாம் அந்த அழுகை கேட்டது. என்னவோ ஏதோ என்று மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளை உயிரோடு வருவதைப் பார்த்ததும் அவளும் அழுதாள், அப்புறம் சிரித்தாள், அப்புறம் வாண்டின் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு அணைத்துக்கொண்டாள்.

வெள்ளைக் குட்டி பின்னாலேயே வந்துவிட்டது. வாய் விடுபட்ட சந்தோஷத்தில் வாலை ஆட்டிக்கொண்டு, வள் வள் என்று குரைத்துக்கொண்டு, நேராகக் கதவுக்கு வெளியே வந்தது. வண்டித் தம்பியின் கை தானாகவே வேலை செய்தது. சுருக்கு விழுந்தது, குட்டி கூண்டுக்குள் போனது.

"டேய்! என்னடா பண்றே? அது குரைச்சதாலதான்டா பிள்ளையே கிடைச்சுது!"

"குரைச்சுச்சுண்ணே" என்றான் தம்பி, ஒன்றும் புரியாமல்.

வாண்டு அலறியது. மனைவிதான் முதலில் சொன்னாள், நாய் என்றாலே ஆகாத மனைவி: "அது குரைக்கலேன்னா நமக்குப் புள்ளை இல்லை. அதை எடுத்துக்குங்க. நம்ம வீட்டுலயே இருக்கட்டும்." தெருவே ஆமாம் ஆமாம் என்றது. தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுருக்கரும் சரி என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது சுவரைப் பார்த்தார்.

நாய்கள் வந்து உட்கார்ந்துவிட்டன, எப்போதும்போல வரிசையாக. கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. கொட்டடிக்குப் போனால் என்ன, வீட்டுக்குப் போனால் என்ன? அந்தக் கூட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். குரைத்தது போய்விட்டது, குரைக்காதது மிஞ்சியது.

"வேண்டாம். இது இங்கதான் இருக்கணும்" என்றார்.

"என்ன மனுஷன்யா நீங்க? பாவம், நன்றி வேண்டாமா?"

"நன்றிக்குத்தான் சொல்றேன். இது பெருசாகி, இங்க குட்டி போட்டு, அதுல ரெண்டாவது குரைக்கணும்டி. நம்ம வீட்டுல கட்டிப் போட்டா இந்தச் சத்தம் நம்மளோட போச்சு."

கூண்டைத் திறந்து, குட்டியைக் கையில் எடுத்து, கதவுக்கு உள்ளே இறக்கி விட்டார். அது போகாமல் அவர் காலையே சுற்றி வந்து குரைத்தது. காலைத் தரையில் ஓங்கி மிதித்துப் பார்த்தார், அதற்கும் குரைத்தது. செவலைத் தாய் வந்து அதன் பிடரியைக் கவ்வித் தூக்கிக்கொண்டு கொட்டகை இருட்டுக்குள் போனது. உள்ளே போன பிறகும் வள், வள் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. ஆபீஸ் மேலதிகாரி. "சோப்புக் கம்பெனிப் பக்கம் நாய் குரைக்குதாமே? இப்பதான் புகார் வந்துச்சு. அந்த ஏரியாவுல இத்தனை வருஷமா சத்தமே கிடையாதே!"

"ஆமா சார். நானும் இங்கதான் நிக்கிறேன்."

"பிடிச்சாச்சா?"

சுருக்கர் பதில் சொல்வதற்குள் உள்ளே குரைப்பு சட்டென்று நின்றது.  சுவர் மேல் இருந்த நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கொட்டகைப் பக்கம் தலையைத் திருப்பின.

"தாத்தா, அதைப் பிடிச்சுட்டாங்களா?" என்று வாண்டு அவர் காதில் கேட்டது.

உள்ளே பிடிக்க ஆளே இல்லை. இருப்பது குரைக்காத கூட்டம்தான், அதுவே குட்டியின் வாயை அடைத்துவிட்டதோ? என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க, தன் இடிக்குரலில் குரைத்தார். வள்! வள்! வள்! நாய்கள் அவரைத் திரும்பிப் பார்த்தன. தோளில் இருந்த வாண்டும் சேர்ந்து குரைத்தது.

"ஆங், இதேதான்! இந்தச் சத்தம்தான்!" என்று போனில் மேலதிகாரி துள்ளினார். "பக்கத்துலயே இருக்கு போலிருக்கே. விடாதீங்க, முதல்ல அதைப் பிடிங்க!"

சுருக்கர் இன்னும் உரக்கக் குரைத்தார். கொஞ்ச நேரம் கழித்து இருட்டுக்குள்ளிருந்து, மெலிதாக, ஒரு பதில் வந்தது.